மழையில் சிவந்த மரம்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பின்மா மரம் நிற்கிறது. ஊதாப் பூ பூக்கிற ஜாதி. பின்மா என்பது பர்மியப் பேர். தமிழில் பூமருது என்று பாய் சொன்னார். பாய் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் செடி விற்கிறவர். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து செடிகள் படகில் வரும். இறக்குவது என் வேலை.

மரத்தை நட்டது என் மகன். எங்கள் வார்டில் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கப் பேர் குலுக்க ஆரம்பித்த வருடம். மழை தொடங்கியிருந்தது. இடுப்பு உயரக் கன்று. பக்கத்தில் மூங்கில் ஊன்றி, என் பழைய கைலியைக் கிழித்துக் கட்டினான். கட்டு தொளதொளவென்று இருந்தது.

"இறுக்கிக் கட்டுடா. காத்துல சாஞ்சிடும்."

"ஆடட்டும்பா. ஆடினாத்தான் வேர் பிடிக்குமாம். பாய் சொன்னாரு."

குலுக்கலில் அவன் பேர் விழுவதற்குள், அந்த மாதமே அவனை எல்லைப் பக்கம் அனுப்பினோம், தாய்லாந்து போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. வழியில் இருந்து அவ்வப்போது போன் வந்தது.

அவன் கிளம்பிய அன்று என் வீட்டுக்காரி மஞ்சள் நனைத்த நூலை அம்மன் கோயிலில் வைத்து எடுத்துவந்து அந்தக் கன்றில் கட்டினாள். அவன் திரும்பி வீட்டுப் படி ஏறும் நாளில்தான் அவிழ்ப்பாளாம். அவன் கைபட்ட கன்று, அதனால் அதில்.

இங்கத்து மழைக்கு நூல் தாங்குமா. இற்று அறுந்து சேற்றில் கிடந்தது. அதற்குப் பிறகு போன் வரவில்லை. இரண்டும் ஒரே வாரம். அவள் சந்தையில் மஞ்சள் நைலான் கயிறு வாங்கினாள். மறுபடி கோயில், மறுபடி வேண்டுதல். இந்த முறை இறுக்கி மூன்று முடிச்சு போட்டாள்.

மரத்தை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். அரிசி கழுவிய தண்ணீர் அதற்குத்தான். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாத நாளில் குளிக்க வைத்திருந்ததையும் ஊற்றினாள். முதல் பனிக்கு இலையெல்லாம் சிவந்து கொட்டியபோது பயந்துபோனாள்.

"செத்துப்போச்சாங்க?"

"இந்த ஜாதி அப்படித்தான். வெயிலுக்குத் துளிர்க்கும்."

துளிர்த்தது. கயிற்றின் மேல் அவளுக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

அடுத்த மழையில்தான் கோளாறு. தெருவில் எல்லா மரமும் பச்சையாக இருக்க, எங்கள் மரம் மட்டும் உச்சியிலிருந்து சிவக்க ஆரம்பித்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. பாயைக் கூட்டிவந்தேன்.

"என்னண்ணே, மரத்துக்குத் தாலி கட்டி வச்சிருக்கீங்க. மாப்பிள்ளை யாரு, இந்த மூங்கிலா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். தொட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கயிறு பட்டைக்குள் போயிருந்தது. அதற்கு மேலே தண்டு வீங்கியிருந்தது.

"கழுத்து இறுகிருச்சு. தின்னது எதுவும் வேருக்கு இறங்கல. இப்ப அறுத்தா பொழைக்கும்."

அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அத அறுக்கக் கூடாது" என்றாள்.

"வேற ஒண்ணு லூசாக் கட்டிக்கலாமே அக்கா."

"மொத நூல் அறுந்துதான் போன் நின்னுச்சு."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் கோயிலுக்குப் போகும் செவ்வாயில் கத்தியோடு போய் மரத்தடியில் நின்றதுண்டு. வெறும் கயிறுதான். எனக்கு அதில் நம்பிக்கையும் கிடையாது. இருந்தாலும் கை போகவில்லை. கத்தியை அடுப்படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

பனி வந்தது. தெருவில் மற்ற பின்மாக்கள் அப்போதுதான் சிவந்தன. எங்கள் மரத்தில் சிவக்க இலை இல்லை. கயிற்றுக்கு மேலே வெறும் குச்சி.

ஒரு காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஏங்க. அவுத்துடுங்க."

எத்தனையோ மாதமாக இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

"இப்ப என்ன அவசரம். இருக்கட்டும்."

"மரமாவது இருக்கட்டும்."

கத்தி எடுக்கவில்லை. முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதும் துறையில் தினமும் செய்கிற வேலை. ஆணி முனையால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தேன். வெகு நேரம் ஆனது. கடைசிச் சுற்றைப் பட்டை விழுங்கியிருந்தது, இழுத்தபோது பட்டையோடு வந்தது. தண்டைச் சுற்றி ஒரு பள்ளம், விரல் வைத்தால் உட்காரும். சற்று மேலே கைலித் துணி இன்னும் இருந்தது. வெளுத்துப் போயிருந்தாலும் தொளதொளவென்றே இருந்தது. அது சுற்றியிருந்த இடத்தில் பட்டையில் ஒரு கீறல் இல்லை.

கயிற்றை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எறிய மனம் வரவில்லை. பக்கத்து மூங்கிலில் கட்டினேன். மூங்கில் இனி பருக்காது. மூன்று முடிச்சுதான் போட்டேன். மறுநாள் அவள் அதைப் பார்த்தாள். அவிழ்க்கவில்லை.

இப்போது வெயில் ஏறிவிட்டது. வருடப் பிறப்புத் தண்ணீர்த் திருவிழா நெருங்குகிறது. தெருவில் மற்ற மரங்கள் துளிர்த்துவிட்டன. எங்களுடையதில் பள்ளத்துக்குக் கீழே ஒரு துளிர் மொட்டு தெரிகிறது. மேலே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்கிறார் பாய்.

அரிசி கழுவிய தண்ணீரை அவள் இன்னும் ஊற்றுகிறாள். மேலே பார்ப்பதில்லை.