தொவையலா, தொகையலா?

மெட்ராஸ் ஹாஸ்டல் கூட்டாளிகளா, இந்தக் கார்டை நோட்டீஸ் பலகையில ஒட்டுங்க. எல்லாரும் படிக்கணும்!

இப்பத்தான் தேனியில ரயிலை விட்டு இறங்கி, காபி கிளப்புல இட்லி தின்னேன்.

"தொட்டுக்க என்ன?"ன்னு பரிமாறுற அண்ணன் கேட்டாரு.

நம்ம தஞ்சாவூரானோட ரெண்டு வருசம் ஒரே ரூம்ல இருந்த பழக்கம். "தொகையல்"னு வாயில வந்துருச்சு.

வெள்ளை வெளேர்னு தேங்காய் அரைச்சதை வச்சாரு. காரமே இல்ல. பக்கத்து இலையில, என்கூட ரயில்ல வந்த மார்க்கையன்கோட்டைக்காரருக்கு மட்டும் செக்கச்செவேல்னு மிளகாய், மேல நல்லெண்ணெய்!

"ஏண்ணே, எனக்கு அது இல்லையா?"

"தொகையல்னு கேக்குறவுக தஞ்சாவூர்ப் பக்கம். காரம் தாங்க மாட்டாக. தொவையல்னா நம்ம ஆளுக. சம்மந்தின்னா மலைக்கு அங்கிட்டு மலையாளத்துக்காரக, அவுகளுக்கு மாங்கா போட்டது. வாயைத் தெறந்தா ஊரு தெரிஞ்சிரும் தம்பி."

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. "அண்ணே, நானும் இந்தப் பக்கந்தான், சின்னமனூர்க்காரன்!"

இங்கன இருந்து அங்கன வரைக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாக. அண்ணன் சிரிச்சுக்கிட்டே செவப்புல ஒரு கரண்டி வச்சாரு.

மானப் பிரச்சினை. ஒரே வாயில அள்ளிப் போட்டேன்.

கண்ணு, மூக்கு எல்லாம் தண்ணி!

அண்ணன் வெள்ளையில இன்னொரு கரண்டி வச்சுட்டுப் போயிட்டாரு.

உங்க ஊர்ல எப்படிச் சொல்வீகன்னு அவுகவுக கார்டு போடுங்க. தஞ்சாவூரான் மட்டும் சிரிக்கக் கூடாது. எல்லாம் அவன் செஞ்ச வேலை!