க்ரீம் நிற்கிற நேரம்

கேக் கடை நடத்துகிறவளுக்கு அடுப்பில் வேகிறதைப் பற்றி ஒரு பயமும் கிடையாது. பயமெல்லாம் ஃப்ரீசரில் கிடக்கிறதைப் பற்றித்தான்.

சங்கரன்கோவிலில் தேரடிக்கு இரண்டு தெரு தள்ளி ஆறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கேக்கின் மேலே நான் பூசுகிற வெள்ளை க்ரீம் பாலில் எடுத்தது இல்லை. தாவர எண்ணெயில் செய்து பாக்கெட்டில் வருவது. நம் வெயிலுக்குப் பால் க்ரீம் பத்து நிமிஷம் தாங்காது, இது தாங்கும். ஆனால் பாக்கெட் கல்லாக உறைந்தே கிடக்க வேண்டும். முதல் நாளே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து மெதுவாக இளகவிட வேண்டும். உள்ளே கொஞ்சம் ஐஸ் மிச்சமிருக்கும்போதே அடிக்க வேண்டும். பாத்திரமும் அடிக்கிற கம்பியும்கூட ஜில்லென்று இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற அக்கா தங்கச்சிகளே, இது என்ன பெரிய விஷயம் என்று சிரிக்காதீர்கள். நீங்களும் ஒரு நாளாவது அந்தப் பாத்திரத்தின் முன்னால் நின்று அழுதிருப்பீர்கள்.

கரண்ட் இல்லாத பகல்

கடை வைத்த முதல் வருஷம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஃப்ரீசரைத் திறந்தால் பாக்கெட்டெல்லாம் தண்ணீர்ப் பை மாதிரி தொளதொளவென்று கிடந்தது. ஒரு தடவை இளகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கொட்ட மனசு வரவில்லை. அப்படியே ஃப்ரீசரை மூடினேன்; கரண்ட் வந்து மறுபடி உறைந்ததும், ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் வாசுதேவநல்லூரில் ஒரு நிச்சயதார்த்தம். இரண்டு கிலோ கேக், மேலே ரோஜாப் பூக்கள். அந்தப் பாக்கெட்டை அடித்தேன். கால் மணி நேரம் ஆகியும் க்ரீம் பொங்கி ஏறவில்லை. பிறகு திடீரென்று ரவை ரவையாகத் திரிந்து நின்றது. வேறு க்ரீம் வாங்க நேரமில்லை. அதை வைத்தே பூ போட்டு, கண்ணுக்கு நன்றாக இருக்கும்போதே அனுப்பிவிட்டேன். அங்கே மண்டபத்தில் போய் வைத்த கொஞ்ச நேரத்தில் பூவெல்லாம் சரிந்திருக்கிறது. மறுநாள் பொண்ணோட அம்மா கடைக்கே வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. காலித் தட்டை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பூவெல்லாம் தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரவ கேக்கப் பாக்கல, என் மொகத்தத்தான் பாத்தாவ."

முப்பிடாதி அக்காவின் உள்ளங்கை

வேலை கூடியதும் உதவிக்கு முப்பிடாதி அக்காவைச் சேர்த்தேன். இருபது வருஷம் விசைத்தறியில் நின்றவர். அவருக்கு க்ரீம் அடிக்கச் சொல்லிக் கொடுக்கும்போது, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக் கொடுத்தேன். "மெஷின் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருங்கக்கா. க்ரீம் ஏறினதும் சத்தம் கனக்கும். அப்ப நிறுத்திரணும். அதுக்கு மேல ஓடுனா திரிஞ்சு போவும்." அக்கா தலையை ஆட்டினார். அன்றைக்கும் திரித்தார். மறுநாளும் திரித்தார்.

மூன்றாவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. பாத்திரத்தை அவர் முன்னால் தள்ளி, "காது என்ன செவிடா?" என்று கேட்டுவிட்டேன். கோபத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான், அவர் எப்போதும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது எனக்கு உறைத்தது. தறிச் சத்தத்தில் ஒரு காது சுத்தமாகப் போய், மறு காதும் பாதி போயிருந்தது. சொன்னால் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று மறைத்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்து ஊற்றி, மெஷினை ஓடவிட்டு, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சரியாக நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். கம்பியைத் தூக்கிப் பார்த்தேன். க்ரீம் நுனி வளையாமல் நின்றது. அக்கா சொன்னார்: "தறி காதத்தான் கொண்டுட்டுப் போச்சு கோமதி. கைய விட்டு வச்சிருக்கு."

வயசு வேண்டாம்

இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மானாவாரிக் காட்டில் உளுந்து போடுகிறவர். ஒரு கிலோ கேக் வேண்டும், சாயந்திரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம்வரை க்ரீம் உருகாமல் இருக்குமா என்று கேட்டார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமாம். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அடித்த க்ரீமைப் பூசி, கேக்கை ஒரு மணி நேரம் குளிரில் இறுகவிட்டு, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்தேன்; பெயர் எழுத வேண்டும் என்று மூடவில்லை. அதுவரை அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கும் வரவில்லை.

பெயர் எழுத மட்டும் உள்ளே வந்தார். பேச்சியம்மாள் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டு, "எத்தன வயசு அண்ணாச்சி? நம்பர் மெழுகுவர்த்தி இருக்கு" என்றேன். அது அவர் மகள் பெயர் என்று அப்போதுதான் சொன்னார். மகள் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அவளோடு ஆறாவது படித்த பிள்ளைகள் அவள் பிறந்தநாளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதுகளுக்குக் கொடுக்கத்தான் கேக். இதைச் சொல்லிவிட்டு, நான் மூடிக் கட்டிக் கொடுத்த பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வயசு வேண்டாம்மா. அதுக்கு இனிமே வயசு ஏறாது."

பின்பக்கத்துச் சின்ன எழுத்து

என் கடை வாசலில் 'பால் சேராத க்ரீம் கேக்' என்று ஒரு போர்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் ராயகிரியிலிருந்து தமிழ்ச்செல்வி வந்தாள். அவள் மகள் யாழினிக்குப் பால் ஆகாது. ஒரு வாய் பட்டாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். ஒரு தடவை திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஐந்து வயசு ஆகப் போகிறது, பிள்ளை இன்னும் கேக்கே தின்றதில்லை. "ஒரு சொட்டுப் பால் கெடையாது, நான் பொறுப்பு" என்றேன். கேக்கையும் வெண்ணெய் இல்லாமல் எண்ணெயில் செய்தேன். காலையில் வந்து வாங்கிப் போனாள்.

சாயந்திரம் நாலு மணிக்கு, அடுத்த ஆர்டருக்கு எடுத்த பாக்கெட்டில் தேதி பார்க்கத் திருப்பினேன். தேதிக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், பால் புரதம் சேர்ந்தது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பாலின் கொழுப்புதான் இல்லை; க்ரீம் நிற்பதற்காகப் பாலில் பிரித்த புரதத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஆறு வருஷமாக அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கிறேன். அந்த வரியை ஒரு நாளும் படித்ததில்லை. தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு கேக் வெட்டுவதாகச் சொல்லியிருந்தாள். கடையை அக்காவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் மூன்று இடத்தில் நிறுத்திப் போன் போட்டேன். வாசுதேவநல்லூரில் நிறுத்தியபோது அவள் தம்பி எடுத்தான். பின்னால் கைத்தட்டல் கேட்டது. "பாப்பா வாயில வைக்காதிய! அதுல பால் இருக்கு!" என்று ரோட்டில் நின்று கத்தினேன். ஏதோ கீழே விழுந்து உடைகிற சத்தம் வந்தது, லைன் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது யாழினி அம்மா மடியில் இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. வாய் வரைக்கும் வந்த துண்டை மாமன் தட்டிவிட்டிருக்கிறான், உடைந்தது தட்டு. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அரை மணி நேரம் நாங்கள் எல்லாரும் அந்தச் சின்ன உதட்டையே பார்த்துக்கொண்டு இருந்தோம். கிளம்பும்போது தமிழ்ச்செல்வி வாசல்வரை வந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்: "நீங்க போன் போடாம இருந்து பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, உங்க மேல சந்தேகமே பட்டிருக்க மாட்டேன்க்கா. வேற எதையோ கவனிக்காமக் குடுத்துட்டேன்னு காலம் பூரா என்னையத்தான் திட்டியிருப்பேன்."

அன்றைக்கே போர்டைக் கழற்றிவிட்டேன். க்ரீம் எந்தக் குளிரில் இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான், அதை அடிக்கிறவள் எந்த நிதானத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் காணோம்.