பிரிக்காத உறையும் எலக்ட்ரானும்

குழந்தைகளுக்கு அறிவியல் எழுதுவதில் உள்ள ஆபத்து, அவர்கள் அதை நம்பிவிடுவதுதான். என்னைப்போல் இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஒரு சொல்லை மாற்றினேன்

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் பட்டாளம் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம். புதுச்சேரி வாரப் பத்திரிகை ஒன்றில் சிறுவர் கேள்வி-பதில் பகுதி என் பொறுப்பு. எலக்ட்ரானைப் பற்றி ஒரு பையன் கேட்டிருந்தான். ‘கருவி அளக்கும்வரை அது இருக்கும் இடம் முடிவாவதில்லை’ என்று எழுதினேன். சிறுவர்களுக்குக் கடினமாக இருக்குமோ என்று, ‘ஒருவர் பார்க்கும்வரை’ என்று மாற்றினேன்.

அச்சுக் கோர்க்கும் அந்துவான் படித்துவிட்டு, வழக்கமான பிரெஞ்சு ‘ஐயா’வோடு சொன்னார்: “அப்ப புரூப்ப யாரும் பாக்காம உட்டா பிழையே இருக்காது, முசியே.”

பாடப்புத்தகத்துக்குள்

இதழ் வெளிவந்த மறுவாரம் பிலோமின் என்ற பள்ளிச் சிறுமி அலுவலகத்துக்கு வந்தாள். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில், அல்ஜீரியாவில் இருந்தார். எப்போதும் கையால் எழுதுகிறவர். இந்த முறை பட்டாளத்து முத்திரையோடு, விலாசம் தட்டச்சு செய்த உறை வந்திருந்தது. வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அம்மாவிடம் சொல்லாமல் நாலு நாளாகப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

என் பதிலை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டாள்: “நான் பிரிச்சிப் பாக்காத வரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல சார்?”

யார் பார்ப்பது

மெதுவாகச் சொன்னேன்: எலக்ட்ரான் புகைப்படத் தட்டில் பட்டால் புள்ளி விழுந்துவிடும். தட்டை ஒரு வாரம் பெட்டியில் பூட்டி வைத்தாலும் புள்ளி அங்கேதான் இருக்கும் என்பார்கள் பலர். மனித மனம் அறிந்தால்தான் முடிவாகும் என்று சொல்கிற பெரிய விஞ்ஞானிகளும் உண்டு. அந்த வாதம் தீரவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒருவர் விஷயம் தெரிந்துதானே தட்டச்சு செய்தார்? நான் எழுதியது தப்பும்மா.

அவள் உறையை என்னிடம் நீட்டினாள். பிரித்தேன்; ஓரம் கோணலாகக் கிழிந்தது. உள்ளே இருந்தது இதுதான்: காலில் குண்டடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஆபத்தில்லை, குடும்பத்திடமிருந்து கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறார்.

பிலோமின் இரண்டு முறை படித்தாள். அழவில்லை. “நாலு நாளா அவரு கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு, சார்.”

எலக்ட்ரானை யார் பார்க்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஒவ்வொரு பதிலையும் அச்சுக்குக் கொடுக்கும்போது, அதைப் படிக்கப்போகும் வீட்டுக்கு என்ன தபால் வந்திருக்குமோ என்று யோசிப்பது மட்டும் நிச்சயம்.