அண்ணாச்சி வீட்டு மாடியில் வடக்கு

பந்தல்குடியில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி கேபிள் டிவியும் தொடங்கியபோது, மோட்டார் டிஷ் மாட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட நான், தனியாக ஏற்றுக்கொண்ட முதல் டிஷ் அது.

வானத்தில் சாட்டிலைட்டுகள் கிழக்கு மேற்காக ஒரே வளைவில் நிற்கும். மோட்டார் தள்ளத் தள்ள, டிஷ்ஷின் கிண்ணம் அந்த வளைவைப் பிசகாமல் தொடர வேண்டும். அதற்குக் கம்பம் செங்குத்தாகவும், அதன் தலையில் உட்காரும் தாங்கி சரியாக வடக்கு தெற்காகவும் இருக்க வேண்டும். இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் திசைகாட்டி ஊசி தள்ளாடியது. அண்ணாச்சி மாடிக் கைப்பிடிச்சுவரைத் தட்டினார்.

"மனையடி சாஸ்திரம் பாத்துக் கட்டுன வீடு தம்பி. இந்தச் சுவத்தப் பிடிச்சு வையி. வடக்கு எங்கயும் ஓடிராது."

வைத்தேன். உச்சியிலிருந்த சாட்டிலைட் பளிச்சென்று வந்தது. கிழக்கே ஓட்டினால் படமெல்லாம் புள்ளி. கிண்ணத்தைக் கையால் தெற்கே அழுத்தினால் தெளிந்தது. மேற்கே போனால் வடக்கே அழுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா மதுரையில இருந்து ஆளு வரச் சொல்லிருவேன். கோவிச்சுக்கிராத தம்பி."

கம்பம்தான் சாய்ந்துவிட்டதோ என்று தூக்குக்குண்டை விட்டு விட்டுப் பார்த்தேன். நேராகத்தான் நின்றது. மாடியில் மிளகாய் வற்றலுக்குக் காவலிருந்த அண்ணாச்சியின் மனைவி சிரித்தார்.

"அந்தக் குண்டு என்ன பாவம் பண்ணுச்சு, இத்தன தடவ தூக்குல போடுற?"

"கம்பம் சரியாத்தான் இருக்குக்கா. எது கோணல்னு தெரியல."

கீழே எட்டிப் பார்த்துவிட்டு அக்கா குரலைத் தாழ்த்தினார். "சுவருதான். வடக்குத் தெக்கா நிக்கிற சுவரு உச்சி வெயில்ல நிழல் விடுமா? இது கிழக்கால நாலு விரக்கடை விடும். நான் கால அதுலதான் வச்சுக்கிருவேன். பாலவனத்தத்துல எங்கம்மா வீட்டுச் சுவரு விடாது. அவுககிட்ட சொல்லிராத, சோறு எறங்காது."

மணல் வாளியில் ஒரு குச்சியை நட்டு, காலை நிழலின் நுனியைத் தரையில் சாக்பீஸால் குறித்தேன். பிற்பகலில் நிழல் மறுபடி அதே நீளத்துக்கு வந்ததும் இன்னொரு குறி. இரண்டுக்கும் நட்டநடுவே குச்சியிலிருந்து இழுத்த கோடுதான் வடக்கு. சுவரின் வடக்கு முனை அதைவிட்டு மேற்கே ஒதுங்கிக் கிடந்தது. தாங்கியைக் கோட்டுக்குத் திருப்பினேன். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை ஒரு புள்ளியில்லை. அப்போதும் பயம் போகவில்லை. அண்ணாச்சி வந்து பார்க்க வேண்டுமே.

வந்தார். எல்லாச் சேனலையும் ஓட்டிப் பார்த்துச் சிரித்தவர், மாடிக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"தாங்கி ஏன் சுவத்த விட்டு ஒதுங்கி நிக்குது?"

மிளகாயைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னார்: "டெல்லியில செஞ்ச சாமான், கோணலா வந்துருக்கும். தம்பிதான் சமாளிச்சு மாட்டியிருக்கு."

"அதான பாத்தேன்." அண்ணாச்சி சுவரைத் தடவிக் கொடுத்தார். "பாளையம்பட்டியில மச்சானும் ஒண்ணு மாட்டணும்னாரு. நீயே போ தம்பி. அவுக வீடும் சாஸ்திரம் பாத்துக் கட்டுனதுதான்."

அக்கா என்னைப் பார்த்தார். "போகும்போது அந்த வாளியவும் குச்சியவும் எடுத்துக்க."