சொறி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். விலங்கியல் படிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து தங்கையைக் கோவளம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அலையோரம் நீலப் பலூன் போல ஒன்று நீண்ட இழைகளோடு ஒதுங்கிக் கிடந்தது.

“ஜெல்லி மீன்டி. செத்துப்போச்சு, தொட்டுப் பாரு” என்றேன்.

“ஏ பொண்ணு, சொறி! சொறி!” என்று கத்திக்கொண்டே மீன் விற்கும் அக்கா ஒருவர் ஓடிவந்து தங்கையின் தோளைப் பிடித்து இழுத்தார். ஹவுசிங் போர்டுக்காரர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது போலும், அதனால்தான் சொறி பிடித்தவள் என்கிறார் என நினைத்துவிட்டேன்.

“யாரைப் பாத்து சொறின்ற? நான் காலேஜ் படிக்கிறவ!” என்று அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவர் பிடி நழுவியது. தங்கை அதைத் தொட்டுவிட்டாள்.

அலறிக்கொண்டு மணலில் உருண்டாள். நீல இழைகள் சுற்றிய இடமெல்லாம் சவுக்கால் அடித்ததுபோல் தடித்துச் சிவந்தது. அந்த அக்கா வெறுங்கையால் இழைகளைப் பிய்த்தெடுத்து, கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் விரல்களும் வீங்கின.

“அது பேரே சொறிதாம்மா. உன்ன இன்னாத்துக்கு நான் திட்டப் போறேன்?” என்றார்.

தங்கையின் தழும்பு மங்கிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டால் என் உள்ளங்கை இன்னும் எரிகிறது.