மூச்சடைத்த ஆயில் எஞ்சின்

எனக்கு எண்பத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். யாரிடமும் தலைகுனிந்ததில்லை.

எழுபதுகளில் ஒரு வருடம், எளாவூரில் எங்கள் நெல் கதிர் விடும் நேரம். மழையில் மாதக்கணக்காகச் சும்மா கிடந்த, தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. வயலில் வெடிப்பு விழுந்தது. எஞ்சினுக்குப் பொறுப்பு என் கொழுந்தன் ராஜு.

"எஞ்சினப் பாக்காம சீட்டாடிக்கினு இருந்தா இப்டிதான்," என்று ஏசினேன்.

"பயிரு காஞ்சா ஊட்ட உட்டுப் போய்டு!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார் என் வீட்டுக்காரர்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மெக்கானிக் பாய் ஹேண்டிலைச் சுற்றினார். மறுபடியும் கரும்புகை.

"டீசல் போவுது, காத்துதான் போவல." காற்றுக் குழாயைக் கழற்றி விரலை விட்டார். பச்சைத் துணி எட்டிப் பார்த்தது. மழைக்காலத்தில் அணில் புகாமலிருக்க, என் புடவையில் கிழித்து நான் அடைத்து, மறந்தே போன துணி. அன்றும் அதே புடவைதான் கட்டியிருந்தேன்.

பாய் என் கிழிந்த முந்தானையைப் பார்த்தார். துணியைச் சுருட்டி ஜேபியில் போட்டுக்கொண்டார்.

"இன்னா பாய் இருந்திச்சி?" வாய்க்கால் பக்கமிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

"குப்பைதான், நைனா."

எஞ்சின் ஓடியது, பயிர் பிழைத்தது. ராஜு தலைகுனிந்து நின்றான். நான் வாய் திறக்கவில்லை. பாய் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்யவில்லை.

எழுதிட்டேன் கண்ணு, உரக்கப் படி. பக்கத்து ரூமுல உன் சின்னத் தாத்தா ராஜு முழிச்சிக்கினுதான் இருக்காரு.