இனிஷியல் இல்லாத ஆத்மநாதன்

சம்சுன் நிஹாருக்கு வயது நாற்பத்தாறு. அதில் பத்தொன்பது வருடம் ஆரக்கிள் என்ற ஒரே டேட்டாபேஸோடு கழிந்துவிட்டது. புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் இயங்கும் மென்பொருள் நிறுவனத்தில் அவருக்கு வேலை. அங்கே சர்வர் லேசாகத் திணறினாலும் போதும், "நிஹார் மேடம் பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவரும் பார்த்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் நிறுவனம் ஒரு நாள், எல்லா வேலையையும் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸுக்கு மாற்றப் போகிறோம் என்றது. இந்த வயதில் அம்மையார் மிரண்டுபோவார் என்று நினைத்தவர்கள் உண்டு. நல்லா நினைத்தார்கள் போங்கள்! "இவ்வளவுதானா, கத்துக்கிட்டாப் போச்சு" என்றார் நிஹார்.

சொன்னபடியே மூன்று மாதம் விடாப்பிடியாகப் படித்தார். ஆனால் விரல்கள் அவ்வளவு லேசில் அடங்கவில்லை. பழைய கட்டளையைப் பழக்க தோஷத்தில் தட்டிவிடுவார். புதியது சிவப்பில் முறைக்கும். பக்கத்து மேசை அருண்குமார் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"மேடம், அப்பயிருந்து யாரைத் திட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"என்னையத்தான். நீங்க வேலையப் பாருங்க."

முதலில் மாற்றியது ஜெகதாப்பட்டினம் படகுச் சங்கத்தின் பதிவேட்டை. எந்தப் படகில், எந்தத் தேதியில், யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்பது முழுக்க அதில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றி முடித்தார். பழையதில் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு மீனவர்கள். புதியதிலும் அதே ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.

"ஒரு ஆளு குறையல, பாத்துக்கங்க" என்று அருண்குமாரிடம் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பெருமையில் தப்பில்லைதான். ஆனால் தலையை எண்ணிய மனுஷி, முகத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

திங்கள் விடிகாலை படகுகள் கடலுக்குப் போயின. செவ்வாய் காலையில் சங்கத்துக்குத் தகவல் வந்தது: எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரைக் கடற்படையினர் ஒரு விசைப்படகைப் பிடித்துவிட்டார்கள், அதிலிருந்த நாலு பேரையும் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களை மீட்கச் சொல்லும் மனு பதினொரு மணிக்குள் கலெக்டர் அலுவலகத்துக்கு மெயிலில் போக வேண்டும். மனுவோடு படகின் ஆள் பட்டியலும் போக வேண்டும். பட்டியலில் பேர் இல்லாதவனுக்காக யார் பேசுவார்கள்?

பத்தேகாலுக்கு நிஹாரின் போன் அடித்தது. சங்கச் செயலாளர் ஷேக் தாவூது.

"தங்கச்சி, பட்டியல் எடுத்தேன். மூணு பேருக்குப் பேரு இருக்கு. நாலாவதுல நம்பர் மட்டும் இருக்கு, பேரைக் காணோம்!"

"யாரு அண்ணே அது?"

"நம்ம ஆத்மநாதன். அவன் பொஞ்சாதி ரஞ்சிதா இங்கிட்டுதான் நிக்குது. பேரு இல்லேன்னா ஆளே இல்லையான்னு கேட்டு அழுகுது. நான் என்னத்தச் சொல்ல?"

அருண்குமார் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"பழைய சிஸ்டத்துக்கே திரும்பிரலாம் மேடம். அது அப்படியேதான இருக்கு?"

"நேத்துப் போன படகு விவரம் அதுல ஏது? புதுசுல மட்டுந்தான் இருக்கு. திரும்புனா நாலு பேருமே காணாமப் போயிருவாங்க."

போனைக் காதில் வைத்தபடியே ஆத்மநாதனின் பதிவைத் திறந்தார். பேர் இருந்தது. படகு எண் இருந்தது. இனிஷியல் கட்டம் மட்டும் காலி. பார்த்தவுடனே நெற்றியில் அடித்துக்கொண்டார். பட்டியல் அச்சாகும்போது இனிஷியலையும் பேரையும் ஒட்டித்தான் முழுப்பேர் வரும். காலிக் கட்டத்தோடு பேரை ஒட்டினால் பழைய டேட்டாபேஸ் பேரை மட்டும் கொடுத்துவிடும். புதியது கறார்ப் பேர்வழி. ஒரு பாதி தெரியவில்லையென்றால் முழுசும் தெரியாது என்று கையை விரித்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்தும் இருந்தார். பத்தொன்பது வருடம் கேட்காமலே கிடைத்த சலுகை என்பதால் அது மண்டையில் ஏறவில்லை.

"அண்ணே, அவரு இனிஷியல் ஏன் காலியா இருக்கு?"

பதிலுக்கு ரஞ்சிதாவின் குரல் வந்தது. போனைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

"அவுக போட மாட்டாக மேடம். அவுக அப்பா சின்னதுலயே வுட்டுட்டு ஓடிட்டாரு. அந்தாளு எழுத்து என் பேருக்கு முன்னாடி நிக்கக் கூடாதும்பாக. ஆதார்லயும் கெடையாது. நீங்க போட்ருங்க மேடம்! காளிமுத்துங்கிறது அவுக அப்பா பேரு. 'கா' போட்ருங்க. அவுக வந்து வைஞ்சா வைஞ்சுட்டுப் போறாக. எனக்கு ஆளு வந்தாப் போதும்!"

"போட்டுவிட்ரு தங்கச்சி, நேரமாச்சு" என்று பின்னாலிருந்து ஷேக் தாவூதும் கத்தினார்.

ஒரே எழுத்து. தட்டினால் அரை நொடியில் பேர் வந்துவிடும். மணி பத்து இருபத்தைந்து.

"வேணாம்மா" என்றார் நிஹார். "அட்டையில இல்லாத எழுத்தப் போட்டா, இது வேற ஆளுன்னு அங்கிட்டு ஒரு சிக்கல் வரும். அதுவுமில்லாம, அவரு பேரு சரியாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க."

போனை வைக்கவில்லை. மேசையில் சாய்த்து வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தார். இனிஷியல் இல்லாவிட்டால் பேரை மட்டும் கொடு என்று புதியதுக்குப் புரியும் மொழியில் எழுதினார். இந்தத் தடவை விரல் பழைய பக்கம் போகவே இல்லை. பேர் விடுபடும் ஆட்கள் இன்னும் எத்தனை பேர் என்றும் ஒரு கேள்வி போட்டார். முன்னூற்று நாற்பது பேர். அடக் கொடுமையே! அடுத்த படகில் அவர்களில் எவன் போயிருந்தாலும் இதே கதைதான். திருத்தத்தை ஓடவிட்டு மறுபடி கேட்டார். பூஜ்யம். முழுப் பட்டியலையும் அருண்குமார் மேலிருந்து கீழே பேர் பேராகப் பார்த்து வர, எங்கும் வெற்றிடம் இல்லை.

"அண்ணே, இப்ப எடுங்க."

அங்கே பிரிண்டர் இழுக்கும் சத்தம் போனில் கேட்டது. நிஹார் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"ரஞ்சிதா, இருக்கியாம்மா? நாலாவது ஆளு யாருன்னு படிச்சுச் சொல்லு."

"ஆத்மநாதன்" என்றாள் ரஞ்சிதா. "வெறும் ஆத்மநாதன்தான் மேடம். அவுக சொல்ற மாதிரியே இருக்கு."